விலாசம் இல்லாதவரிடம் விலாசம் கேட்பதா?

திங்கட்கிழமை காலையில் சேலம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் சரிதான். இரண்டு இடத்திலும் காட்சி ஒன்றேதான்.

மர நிழலில் மனு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றி ஜனங்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, இரண்டு போட்டோ, நாலைந்து ஜெராக்ஸ் பிரதிகள். வாசலில் போலீசார் பையைத் திறந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் ஏதும் இருக்கிறதா என்று. 2017-ஆம் ஆண்டு திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததில் இருந்து இந்தச் சோதனை கடுமையாகிவிட்டது.

வருகிற மனுக்களில் பல ரகம் உண்டு. பட்டா கேட்பவர், பென்ஷன் கேட்பவர், பாதைத் தகராறு, வாய்க்கால் தகராறு. இவற்றோடு வீடு கேட்கும் மனுவும் வராமல் இருப்பதில்லை. "சொந்த வீடு கிடையாது. கூலி வேலை செய்கிறோம். வாடகை கொடுத்து மாளவில்லை. சர்க்கார் பார்த்து ஒரு வீடு கொடுத்து உதவவேண்டும்" என்பதுதான் அதன் சாரம்.

மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். மரியாதையாகவே வாங்கிக்கொள்கிறார்கள். நம்பர் போட்டுச் சீட்டும் கொடுக்கிறார்கள். பிறகு மனு ஒரு பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிறது. கடைசியில் ஏழை எதிர்பார்க்கக்கூடிய பதில், "உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்கவும்" என்பதுதான்.

அந்த "உரிய ஆவணங்கள்" என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறோம்.

லைன் வீடு

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவரைப் போன்றவர்கள் குமாரபாளையத்தில் இருக்கிறார்கள், திருச்செங்கோட்டில் இருக்கிறார்கள், வெண்ணந்தூரில், எடப்பாடியில், ஜலகண்டாபுரத்தில், தாரமங்கலத்தில், சேலம் அம்மாபேட்டையில் எல்லாம் இருக்கிறார்கள். துணிக்குப் பெயர்போன இந்தச் சமவெளியில் விசைத்தறிச் சத்தம் கேட்காத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அவர் குடியிருப்பது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் ஆறோ எட்டோ அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பத்துக்குப் பத்து இருந்தால் பெரிய அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் படிப்பு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். மழை பெய்தால் ஓட்டுக்கு நடுவே ஒழுகும். சித்திரை வைகாசியில் தகர வீடாக இருந்தால் உள்ளே இருக்க முடியாது.

வசதிக் குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வீட்டில் வேறொரு சங்கதி இருக்கிறது.

பல இடங்களில் தறிப்பட்டறை முதலாளிதான் வீட்டுக்கும் சொந்தக்காரர். வேலைக்குச் சேரும்போது தொழிலாளி முன்பணம் வாங்குகிறார். இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் "பாக்கி". கல்யாணத்துக்கு வாங்கியது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வாங்கியது என்று பாக்கி வளருமே தவிரக் குறையாது. வேறு பட்டறையில் கூலி கூட என்று தெரிந்தாலும் பாக்கியைத் தீர்க்காமல் போக முடியாது. புது முதலாளி பாக்கியைக் கட்டிக் கூப்பிட்டுக்கொண்டால் உண்டு. அப்படிப் போனாலும் அன்றே வீட்டைக் காலி செய்யவேண்டும்.

வேலை போனால் வீடு போச்சு. வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போச்சு. ஆகவே கூலியைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் அந்தத் தொழிலாளி வீட்டை நினைத்துக்கொள்கிறார்.

முதலாளி எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நாலு தறி, எட்டுத் தறி வைத்துக்கொண்டு தாமும் கடனில் தத்தளிக்கிறவர்கள்தான் பலர். வீடு கொடுக்காவிட்டால் ஆள் நிற்கமாட்டார் என்பதால் கொடுக்கிறார்கள். ஆனால் தறியும் வீடும் ஒரே சாவியில் தொங்கினால், சாவி இருக்கும் கைக்குத்தான் பலம்.

இந்தக் கட்டை அவிழ்க்க ஒரு வழி உண்டு. தறிக்குச் சம்பந்தம் இல்லாத வீடு, கட்டக்கூடிய வாடகையில் கிடைக்கவேண்டும். குறைந்த வாடகை வீட்டுக்கான மனு சாதாரணக் காகிதம் அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

1952-ஆம் ஆண்டிலேயே மத்திய சர்க்கார் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மானியம் கொடுத்து வீடு கட்டி, தொழிலாளிக்குக் குறைந்த வாடகைக்கு விடும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அது பாக்டரிச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளிக்கு மட்டும். மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது பாக்டரியாகக் கருதப்பட்டது. எட்டுத் தறிப் பட்டறையில் பத்துப் பேருக்கு எங்கே போவது? தறித் தொழிலாளி அன்றே பட்டியலில் இருந்து வழுக்கி விழுந்துவிட்டார்.

பைத்தியமும் கல்யாணமும்

சரி, நம் தறித் தொழிலாளி இப்போது மனுப் போடத் துணிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

சர்க்கார் வீடுகளுக்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வருமானச் சான்று, பாங்குக் கணக்குப் புத்தகம், புருஷன் மனைவி போட்டோ, இந்தியாவில் எங்கும் சொந்த வீடு இல்லை என்ற உறுதிமொழி. படிப்பதற்கு எளிய ஜாபிதா. படித்தவர் வீட்டு அலமாரியில் ஒரே பைலில் இவ்வளவும் இருக்கும்.

நம்மவருடைய குடும்ப அட்டை தருமபுரிப் பக்கத்துச் சொந்த ஊரில் இருக்கிறது. ஆதாரிலும் அந்த ஊர் விலாசமே இருக்கிறது. "இந்த ஊர் விலாசத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். மாற்றுவதற்கு இந்த ஊரில் குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி என்றால் வாடகை ஒப்பந்தம். லைன் வீட்டுக்கு ஒப்பந்தம் ஏது? வாய்ச் சொல்தான். மின்சார ரசீது வீட்டுக்காரர் பெயரில். வரி ரசீதும் அவர் பெயரில். எட்டு அறைக்கும் சேர்த்து ஒரே கதவு எண். "ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். "ஏன், வேறு வீடு பார்க்கிறாயா?" என்கிறார்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான். வீடு வேண்டுமானால் விலாசம் காட்டு. விலாசம் வேண்டுமானால் வீட்டைக் காட்டு.

வருமானச் சான்றுக்கு வருவோம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்கள் நலிந்த பிரிவினர் என்பது நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் கணக்கு. அதற்குள் இருப்பதாகத் தாசில்தார் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட 60 ரூபாய். அது பெரிய தொகை அல்ல. கிராம நிர்வாக அதிகாரி விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் கையெழுத்தாகிச் சான்று வருகிறது. "நேரில் வந்து பார்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. "நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் கூலி. தறி ஓடினால்தான் கூலி. ஆபீஸ் திறந்திருக்கும் நேரமும் தறி ஓடும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன.

தறித் தொழிலாளியின் வருமானம் எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அதிகாரி எப்படித்தான் கண்டுபிடிப்பார்? வாரக் கூலி ஒரு சிட்டையில் இருக்கிறது. ஒரு வாரம் பாவு இல்லை. ஒரு வாரம் நூல் விலை ஏறிப் பட்டறையை நிறுத்திவிட்டார்கள். ஆடிக்கு ஒரு கணக்கு, தீபாவளிக்கு ஒரு கணக்கு. கடைசியில் மனுதாரர் சொல்வதைக் கேட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஓர் உத்தேசத் தொகையைத்தான் எழுதவேண்டியிருக்கிறது. மனுதாரர் சொன்னதையே எழுதுவதற்கு மூன்று பேர் மேஜை எதற்கு? மனுவிலேயே அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாதா?

இவ்வளவும் முடிந்து, மனுவும் உள்ளே போய்விட்டது என்றால் அடுத்த கஷ்டம் ஆரம்பம். மனு எந்த நிலையில் இருக்கிறது? தமக்கு முன்னால் எத்தனை பேர்? எப்போது வீடு வரும்? கேட்டால் சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த இருட்டில்தான் புரோக்கர் பிழைக்கிறான். "நான் பேசி முடித்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று அவன் வருவது நம் கதவுக்கு அல்ல. லைன் வீட்டுக் கதவுக்கு.

வீட்டுக்காரர் ஏன் எழுதிக் கொடுப்பதில்லை?

வீட்டுக்காரரைத் திட்டுவது சுலபம். அவர் பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாடு சட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீடு காலியானால் ஏழு நாளில் அதிகாரிக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், சர்க்கார் தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட அதில் ஒரு ஷரத்து இருந்தது. குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. ஆனால் வழக்கு என்று கோர்ட்டுக்குப் போனால் அப்பா போட்ட கேசுக்குப் பிள்ளை வாய்தாவுக்குப் போகும்படி ஆயிற்று. "எழுதிக் கொடுத்தால் எழுந்திருக்கமாட்டான்" என்ற பயம் வீட்டுக்காரர்கள் மனத்தில் அப்போது ஊறியது. பதினொரு மாத ஒப்பந்தம் என்ற தந்திரமும், ஒப்பந்தமே இல்லாத வாய்ச்சொல் வாடகையும் அந்தப் பயத்தின் பிள்ளைகள்.

அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. வீட்டுக்காரர், வாடகைக்காரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பதிவுக்கு இணையதளமும் திறந்தார்கள். பதிவானதும் ஓர் எண் வரும்.

காகிதத்தில் பார்த்தால் நம் தறித் தொழிலாளிக்கு விலாசம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்தப் பதிவு ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஸ்கேன் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பான் கார்டு கையில் உள்ளவர்களுக்குத்தான் எளிது. அதோடு சட்டத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. நிறுவனம் தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக வாடகைக்குக் கொடுக்கும் கட்டிடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பெரிய ஆலைகளின் குவார்ட்டர்சை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம். பட்டறை முதலாளியின் லைன் வீடு இந்த விலக்குக்குள் வருமா, வராதா என்று கேட்டால் வக்கீலுக்கு வக்கீல் பதில் மாறலாம். அதற்குக் கட்டணம் கொடுக்க லைன் வீட்டுக்காரரிடம் பணம் கிடையாது.

நாம் கேட்பது சிறிய காரியம். நூறு பக்கச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாடகை வாங்கியதற்கு ஒரு சீட்டு, அதில் மாதம், தொகை, கையெழுத்து. பால்காரர் அட்டை போல ஓர் அட்டை. அதை விலாச அத்தாட்சியாகச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளட்டும். அதை எழுதிக் கொடுப்பதால் வீட்டின் மேல் யாருக்கும் புதிய பாத்தியதை வராது என்று அந்த அட்டையிலேயே அச்சடித்து விடட்டும். வீட்டுக்காரருடைய பயம் பாதி தீர்ந்துவிடும்.

வாங்கவா, வாடகைக்கா?

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

1961-இல் வீட்டு வசதி வாரியம் வந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. பின்னதற்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். இரண்டும் நிறையக் கட்டியிருக்கின்றன. அடுக்குமாடி வீடு கிடைத்த பிறகு தலை நிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்று அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுகள். மத்திய சர்க்கார் பங்கு, மாநில சர்க்கார் பங்கு போக, மீதி பயனாளியின் பங்கு. அந்தப் பங்கைக் கட்ட முடியாதவர் ஒதுங்கிக்கொள்ளவேண்டியதுதான். அல்லது கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டவேண்டும். பாக்கியில் இருந்து தப்பிக்க வந்தவருக்கு இன்னொரு பாக்கி!

எல்லோருக்கும் சொந்த வீடு என்பது பேச்சுக்கு அழகு. ஆனால் இருபது வயதில் வேலை தேடி வந்தவருக்கும், இரண்டு வருஷத்தில் வேறு ஊர் போகிறவருக்கும், புருஷனை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கும் இன்றைய தேவை சொந்த வீடு அல்ல. கட்டக்கூடிய வாடகையில், யாரும் திடீரென்று வெளியே தள்ள முடியாத ஒரு வீடு. நாமக்கல் கோழிப் பண்ணைகளிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் இங்கே வீடு வாங்கப்போகிறார்களா?

இது டில்லிக்கும் தெரியாமல் இல்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். வேலை நின்றதும் வாடகை கொடுக்க முடியவில்லை. ஊரைப் பார்த்து நடந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது. முன்பே சர்க்கார் பணத்தில் கட்டி, ஆள் குடியேறாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விடலாம் என்பது அதன் முதல் வழி. அப்படிக் கிடந்த வீடுகள் நாடு முழுவதும் சுமார் 83,500. முதல் மூன்று ஆண்டுகளில் வாடகை வீடாக மாறியவை சுமார் 5,600.

பூட்டின வீடு ஒரு பக்கம், வீடில்லாத குடும்பம் ஒரு பக்கம். இது புதிதும் அல்ல. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சம். அடுத்த ஆண்டு மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு, நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம் என்றது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செங்கல், சிமெண்டு மட்டும் குறை அல்ல என்பது விளங்கும். வீட்டையும் ஆளையும் சேர்த்துவைக்கும் வேலை நடக்கவில்லை. தரகர் இல்லாமல் பொண்ணும் மாப்பிள்ளையும் வயசாகிக்கொண்டே போவது போல.

2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டப் பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் மலிவு வாடகை வீடு தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் நடத்தும் "தோழி" விடுதிகளில் இடத்தை இணையத்திலேயே பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். சேலத்திலும் அத்தகைய விடுதி உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டில் என்றால் நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்றால் மட்டும் ஏன் அத்தனை சான்று?

தொப்பூரில் பார்த்தோமே!

மனுவை எளிமையாக்கச் சர்க்காருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நம் கண் முன்னால் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2023 ஜூலை 24-ஆம் தேதி, சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தொப்பூரில் மகளிர் உரிமைத் தொகைக்கான மனுப் பதிவு முகாமை முதல் மந்திரி தொடங்கிவைத்தார். அந்த முகாம்கள் எப்படி நடந்தன என்பதைத் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். ரேஷன் கடைக்காரர் வீடு தேடி வந்து மனுத்தாளும் டோக்கனும் கொடுத்தார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று டோக்கனில் எழுதியிருந்தது. போன இடத்தில் தன்னார்வலர் உட்கார்ந்து மனுவைப் பதிந்தார்.

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், நிலம் இத்தனை ஏக்கருக்குள் இருக்கவேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்கவேண்டும் என்றெல்லாம் நிபந்தனை உண்டு. ஆனால் வருமானச் சான்றோ நிலத்து ஆவணமோ இணைக்கவேண்டாம் என்றார்கள். மனுதாரர் சொன்னதை எழுதிக்கொண்டு, சரி பார்ப்பதைச் சர்க்கார் தன் பதிவேடுகளில் பார்த்துக்கொண்டது. மின்சார வாரியத்துக் கணக்கு அங்கே. நிலக் கணக்கு அங்கே. நிராகரித்தால் காரணம் செல்போனுக்கு வந்தது. 30 நாளில் கோட்டாட்சியரிடம் மேல் முறையீடு செய்யலாம் என்றார்கள். செப்டம்பர் 15-ஆம் தேதி பணம் வந்தது, 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு.

குறை இல்லை என்று சொல்லவில்லை. தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். ஆனாலும் எட்டு வாரத்துக்குள் ஒரு கோடிப் பேருக்கு ஒரு காரியம் முடிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இது முடியும் என்றால் குறைந்த வாடகை வீட்டுக்கு ஏன் முடியாது?

ரேஷன் அரிசிக்கும் இப்படி ஒரு வழி பிறந்தது. 2020 அக்டோபரில் "ஒரே நாடு ஒரே ரேஷன்" தமிழ்நாட்டில் அமலானது. ஒடிசாக்காரர் பள்ளிபாளையத்துக் கடையில் விரலை வைத்து அரிசி வாங்கலாம். "உன் கார்டு இந்த ஊர்க் கார்டு அல்ல" என்று திருப்பி அனுப்பக்கூடாது. அரிசிக்குத் தேவைப்படாத உள்ளூர் விலாசம் வீட்டுக்கு எதற்கு?

"மோசடி நடக்குமே!"

அதிகாரிகள் சொல்லும் ஆட்சேபணை நமக்குத் தெரியும். சான்று கேட்காவிட்டால் வீடு உள்ளவரும் மனுப் போடுவார். நாலு வீட்டுக்காரர் ஐந்தாவது வீட்டை வாங்கி உள்வாடகைக்கு விடுவார் என்பது.

நியாயமான பயம்தான். ஆனால் மோசடிக்காரரைச் சான்று தடுக்கிறதா? அவருக்குத்தான் எல்லாச் சான்றும் கிடைக்கும்! ஆள் பிடிக்கத் தெரிந்தவர், ஆபீஸ் வழி தெரிந்தவர் அவர். வாசலில் கேட்கும் காகிதம் வடிகட்டுவது வழி தெரியாதவரைத்தான்.

உள்வாடகை மோசடி நடப்பது மனுவில் அல்ல, வீடு கொடுத்த பிறகு. அதைத் தடுக்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு சிப்பந்தி கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடும். சொத்து வரிப் பதிவேடு கார்ப்பரேஷனில் இருக்கிறது. பட்டா கணக்கு தாலுகா ஆபீசில் இருக்கிறது. மின்சார இணைப்பு யார் பெயரில் என்பது மின்சார வாரியத்துக்குத் தெரியும். மூன்றும் இன்று கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மனுதாரர் எழுதிக் கொடுத்தது பொய் என்று தெரிந்தால் வீட்டைத் திருப்பி எடுக்கட்டும். அதை ஆட்சேபிக்க யாரும் வரமாட்டார்கள்.

காலக் கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் மத்தியப் பிரதேசம் ஒரு சட்டம் செய்தது. இந்தச் சான்று இத்தனை நாளில் கொடுக்கவேண்டும்; கொடுக்காத அதிகாரி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் கட்டவேண்டும் என்று. பிறகு பீகார் உள்பட வேறு மாநிலங்களும் அந்த வழியில் போயின. அபராதம் என்றதும் நம் உத்தியோகஸ்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபம் வேண்டாம். ஒரு நாள் தாமதத்துக்குத் தறித் தொழிலாளி ஒரு நாள் கூலியை அபராதமாகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்?

சிங்கப்பூரில் ஒரு மாற்றம்

நம் ஜனங்கள் சிங்கப்பூர் போய்வருகிறார்கள். அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. பெரும்பாலோர் அது கட்டிய வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது தெரிந்த கதை. வசதி குறைந்தவர்களுக்கு அதே கழகம் குறைந்த வாடகை வீடுகளும் வைத்திருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாத கதை.

குடும்பம் இல்லாத தனி ஆட்கள் அந்த வீட்டுக்கு மனுப் போட்டால் இரண்டு பேராகச் சேர்ந்துதான் போடவேண்டும் என்று விதி இருந்தது. அறைத் தோழனை நீயே தேடிக்கொண்டு வா என்பார்கள். வயதானவர், சொந்தக்காரர்களோடு உறவு முறிந்தவர், அந்தத் தோழனுக்கு எங்கே போவார்? பலர் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்கள். 2021-இல் சோதனையாக ஒரு மாற்றம் செய்தார்கள். தனி ஆளாக மனுப் போடலாம். அறைக்குப் பொருத்தமான இன்னொருவரைச் சேர்த்து வைப்பதைக் கழகம் அமர்த்திய நிர்வாகிகள் பார்த்துக்கொள்வார்கள். மனுதாரர் முதுகில் இருந்த சுமை ஆபீஸ் முதுகுக்கு மாறியது. பிறகு அதை மற்ற இடங்களுக்கும் விரித்தார்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

சேலம் பெரிய ஊர். 2011-லேயே எட்டு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. நாமக்கல் 2024-இல் கார்ப்பரேஷன் ஆனது. இரண்டிலும் ஒரே நாளில் எல்லாம் மாறவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் முனிசிபாலிடிகளிலும், சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கத்திலும் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம்.

வார்டு ஆபீசில் ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, ஒரு ரசீதுப் புத்தகம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் பகல் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் தோதாக, வாரத்தில் இரண்டு நாளாவது மாலை எட்டு மணி வரை அந்த மேஜை திறந்திருக்கட்டும். பட்டறைகளுக்கு விடுமுறை நாளிலும் இருக்கட்டும்.

மனுத்தாள் ஒரே பக்கம். தமிழில். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வேலை, மாதம் எவ்வளவு வாடகை கொடுக்க முடியும், எந்தப் பேட்டைக்குப் பக்கத்தில் வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் வீடு கொடுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டு வருகிறவர் எந்த பஸ்ஸில் போவார்? வந்த சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி லைன் வீட்டுக்குத்தான் வருவார். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதையில் பாதி இந்தத் தூரம்தான்.

எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதட்டும். இந்தி, ஒடியா பேசுகிறவருக்கு உதவ அவர்களிலேயே ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்குப் பட்டறை தமிழ் கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆதார் எண் ஒன்று போதும், அது எந்த ஊர் விலாசத்தில் இருந்தாலும்.

மனு வாங்கியதும் வரிசை எண் போட்ட ரசீது. வார்டு ஆபீஸ் சுவரில் ஒரு பட்டியல்: இந்த மாதம் காலியான வீடு இத்தனை, இந்த எண் வரை கொடுத்தாயிற்று. மாதம் ஒரு தரம் பட்டியலைப் புதுப்பிக்கட்டும். வீடு ஒதுக்கும் நாளில் எல்லோரும் பார்க்கக் குலுக்கல் போடட்டும். சுவரில் பட்டியல் இருந்தால் புரோக்கருக்கு விற்பதற்குச் சரக்கு இருக்காது.

ஏற்கெனவே கட்டி முடித்து ஆள் வராமல் கிடக்கும் வீடுகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் எத்தனை என்று வாரியம் முதலில் எண்ணி வெளியிடட்டும். அவற்றில் ஒரு பகுதியை விற்பனையில் இருந்து எடுத்து வாடகைக்கு ஒதுக்கட்டும். வாடகை இரண்டு மாதம் தவறினால் உடனே வெளியேற்றம் என்று இல்லாமல், பட்டறை நின்ற மாதத்துக்குத் தவணை கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். நூல் விலை ஏறுவதற்குத் தறித் தொழிலாளி பொறுப்பல்லவே.

மனுத்தாளில் "நிரந்தர விலாசம்" என்று அச்சடித்திருக்கும் இடத்தை எடுத்துவிட்டு, "இப்போது ராத்திரி படுக்கும் இடம்" என்று போடுங்கள். குகையில் கோவில் மண்டபம் என்றாலும், குமாரபாளையத்தில் பட்டறைத் திண்ணை என்றாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் சிப்பந்தி அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.